பேரப்பிள்ளையின் வாயில் நீர்க்கட்டி, இருதயத்தில் கோளாறு: வீட்டுப் பெரியவர்கள் அறிய வேண்டியவை

(சிங்கப்பூரில் மூத்தோருக்காக நடைபெற்ற சுகாதார நிகழ்ச்சியில் சிறுவர் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் உங்கள் இனிப்புநீரைப் பற்றியோ முட்டி வலியைப் பற்றியோ பேச வரவில்லை. அதற்கு வேறு மருத்துவர்கள் வருவார்கள். நான் பேசப்போவது உங்கள் மடியில் வளரும் பேரப்பிள்ளைகளைப் பற்றி. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், பகல் முழுவதும் பால் கொடுப்பதும், வாய் துடைப்பதும், மருந்து ஊற்றுவதும் நீங்கள்தான். ஆகவே பிள்ளையின் வாய்க்குள் ஒரு மாற்றம் வந்தால் அதை முதலில் பார்ப்பவரும் பெரும்பாலும் நீங்கள்தான்.

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இருதயத்தில் ஏதாவது ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. சிலருக்குச் சிறிய ஓட்டை. அது தானாகவே மூடிக்கொள்ளும். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். அப்படிப்பட்ட பிள்ளையின் வாயில் ஒரு நீர்க்கட்டியும் சேர்ந்து இருப்பது அரிது. அரிது என்பதால்தான் வீட்டில் குழப்பம் வருகிறது. கட்டியைப் பார்ப்பவர் இருதயத்தை மறந்துவிடுகிறார். இருதயத்தைப் பார்ப்பவரிடம் கட்டியைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டி மூன்று மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். குழந்தையின் இருதயத்தில் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியும் குறுகல். 'டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ' என்று மருத்துவர்கள் சொல்லும் கோளாறு அது. அழுதால் உதடு நீலமாகிவிடும். ஆறாவது மாதவாக்கில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று திட்டமிட்டிருந்தார்கள். அதற்குள் நாக்குக்கு அடியில் ஒரு கட்டி. பிறந்தபோது பச்சைப் பட்டாணி அளவு இருந்ததாம். வந்த அன்று திராட்சைப் பழம் அளவுக்கு இருந்தது. மெல்லிய தோல், இலேசான நீல நிறம், தொட்டால் மெத்தென்று இருந்தது.

"பால் குடிக்க ரொம்ப நேரமாவுது டாக்டரம்மா. இது நெஞ்சாலயா, இந்தக் கட்டியாலயான்னு தெரியல. பக்கத்து வீட்டம்மா, ஊசிய நெருப்புல காட்டி ஒரு குத்து குத்துங்க, தண்ணி வடிஞ்சிடும்னு சொல்றாங்க. எனக்குக் கை வரல," என்றார்.

கை வராமல் போனது நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. பிறந்த குழந்தையின் ஈறிலோ மேல் அண்ணத்திலோ வெள்ளையாக, அரிசிக் குருணை போலச் சின்னஞ்சிறு முத்துகள் தெரியலாம். மிகப் பல குழந்தைகளுக்கு இது உண்டு. பல் முளைத்துவிட்டது என்று சிலர் பயப்படுவார்கள். துணியால் தேய்த்து எடுக்கப் பார்ப்பார்கள். ஒன்றுமே செய்ய வேண்டாம். சில வாரங்களில், சில சமயம் சில மாதங்களில், தானாக மறைந்துவிடும். இருதயக் கோளாறு உள்ள குழந்தைக்கும் அப்படியே.

இன்னொன்று, பல் முளைக்கும் இடத்தில் ஈறு நீலமாக உப்பிக்கொள்வது. உள்ளே இருக்கும் பல் வெளியே வரும்போது அது பெரும்பாலும் தானாக உடைந்து வற்றிவிடும். அதையும் கீற வேண்டியதில்லை. ஆனால் இருதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால், ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டி, அது அதுதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டியின் பேரனுக்கு இருந்தது மூன்றாவது வகை. நாக்குக்கு அடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. உமிழ்நீர் வாய்க்கு வரும் சிறு குழாய் பிறவியிலேயே திறக்காமல் இருந்தால் நீர் உள்ளேயே தேங்கி உப்பும். 'ரானுலா' என்பது இதன் பெயர். லத்தீன் மொழியில் சிறிய தவளை என்று பொருளாம். தவளை தொண்டையை உப்ப வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று புரியும். இது சின்னதாக இருந்து, பால் குடிக்கவும் மூச்சு விடவும் இடைஞ்சல் தராவிட்டால் சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம். சில குழந்தைகளுக்குத் தானாக வற்றிவிடுவதும் உண்டு. ஊசியால் நீரை எடுத்தால் அப்போதைக்கு அடங்கும்; பெரும்பாலும் மறுபடி நிரம்பும். நிலையான தீர்வு வேண்டுமென்றால், கட்டியின் மேல்தோலைத் திறந்து ஓரங்களைத் தைத்துவிட வேண்டும், அல்லது அந்தச் சுரப்பியையே எடுக்க வேண்டும்.

இவை தவிர, நாக்கின் அடிப்பகுதியில், தொண்டைக்கு அருகே வரும் வீக்கங்களும் உண்டு. அவற்றைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. சில குழந்தைகளுக்குக் கழுத்தில் இருக்க வேண்டிய தைராய்டு சுரப்பி கீழே இறங்காமல் நாக்கிலேயே தங்கியிருக்கும். கட்டி என்று நினைத்து அதை வெட்டி எடுத்தால் பிள்ளைக்கு இருந்த ஒரே தைராய்டும் போய்விடும். ஆகவே மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால், "இத்தனூண்டு கட்டிக்கு எதற்கு இத்தனை சோதனை" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது ஊசி விஷயத்துக்கு வருகிறேன். நம் வாயில், சுத்தமான வாயிலும்கூட, கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கின்றன. வாய்க்குள் காயம் ஏற்பட்டால் அவை இரத்தத்தில் கலக்கும். உங்களுக்கும் எனக்கும் கலந்தால் உடம்பு சில நிமிடங்களில் அழித்துவிடும். இருதயத்தில் கோளாறு உள்ள பிள்ளைக்கு, இரத்தம் முரட்டு வேகத்தில் பீய்ச்சி அடிக்கும் இடத்திலோ, தைத்துவைத்த ஒட்டிலோ, செயற்கை வால்விலோ அந்தக் கிருமி ஒட்டிக்கொண்டு பெருகலாம். இருதயத்தின் உட்சுவரில் வரும் இந்தத் தொற்று உயிருக்கே ஆபத்தானது. வந்தால் வாரக்கணக்கில் மருத்துவமனையில் படுத்து, நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். ஊசியை நெருப்பில் காட்டினால் ஊசியில் இருந்த கிருமிதான் சாகும். வாயில் இருப்பது அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீலமாகும் குழந்தையின் வாயை வலுக்கட்டாயமாகத் திறந்தால் அது வீறிட்டு அழும். அந்த அழுகையே நீல வலிப்பு போன்ற நிலையைக் கொண்டுவந்துவிடலாம். மூச்சு வேகமாகும், உடம்பு கருநீலமாகும், பிள்ளை துவண்டுவிடும். அப்படி நேர்ந்தால் பதறாமல் குழந்தையின் இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். அமைதிப்படுத்துங்கள். 995-ஐ அழையுங்கள். இதை உங்கள் இருதய மருத்துவர் சொல்லிக்கொடுத்திருப்பார். வீட்டில் எல்லாருக்கும், பணிப்பெண்ணுக்கும், செய்து காட்டி வையுங்கள்.

நாட்டு மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் உரை மருந்து குடித்து வளர்ந்தவள்தான். தேக்காவில் வசம்பும் மாசிக்காயும் வாங்கி வைத்திருப்பீர்கள். இந்தப் பிள்ளையின் வாய்க்கு அவை வேண்டாம். கட்டியின் மேல் உரசிப் பூசினால் தோல் புண்ணாகும். புண் என்றால் மறுபடியும் கிருமிக்கு வாசல். ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு வைப்பதும் கூடாது. எந்தக் குழந்தைக்குமே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். விரலை விட்டுத் தொக்கம் எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

மருந்துக்கடையில் விற்கும் ஈறு மரத்துப்போகும் ஜெல்லும் இதில் சேரும். அதில் பென்சோகெயின் இருந்தால் சில குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2011-லும் மறுபடி 2018-லும் இதைப் பற்றி எச்சரித்தது. இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தவே கூடாது என்றது. ஏற்கெனவே பிராணவாயு குறைவாக இருக்கும் பிள்ளைக்கு அதைப் பூசினால் என்னாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்தப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். பால் குடிக்க நேரமாவது இருதயத்தாலா, கட்டியாலா? உண்மையில் அன்று எனக்கும் தெரியவில்லை. இருதயம் பலவீனமான குழந்தை நான்கு வாய் உறிஞ்சும், நெற்றி வியர்க்கும், களைத்துத் தூங்கிவிடும். கட்டி இருக்கும் குழந்தைக்கு நாக்கு மேலே தள்ளப்பட்டு, காம்பைப் பற்றிப் பிடிக்க முடியாது. பால் கடைவாயில் வழியும். இரண்டும் இருந்தால் பிரித்தறிவது கடினம்.

அப்போது அவர் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். சுவரில் மாட்டும் தமிழ் நாள்காட்டியில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் எழுதியிருந்தார்: எத்தனை மணிக்குப் பால், எத்தனை மில்லி, குடித்து முடிக்க எவ்வளவு நேரம், உதடு நீலமானதா இல்லையா. முதல் மாதம் இருபது நிமிடம். அடுத்து இருபத்தைந்து. கடைசிப் பத்து நாளில் நாற்பது நிமிடம் ஆகியும் பாதிப் பால் மிச்சம். ஆனால் நீலமாவது மட்டும் கூடவில்லை. கட்டி வளர்ந்ததும் அதே பத்து நாளில்தான்.

இருதய மருத்துவர், காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், நான் என எல்லாரும் கூடிப் பேசியபோது அந்தத் தாள்கள் மேசை நடுவே இருந்தன. இருதய அறுவை சிகிச்சை வரை காத்திருந்தால் எடை ஏறாது. எடை ஏறாத குழந்தைக்கு அந்த அறுவை சிகிச்சை இன்னும் கடினம். அதே சமயம், அந்த நிலையில் முழு மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுப்பதும் இருதயத்துக்குச் சுமை. ஆகவே கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, பிராணவாயு அளவைக் கண்காணித்துக்கொண்டே, மருத்துவமனையில் ஊசியால் நீரை மட்டும் எடுத்தோம். மறுபடி நிரம்பும் என்று தெரிந்தேதான் செய்தோம். நிரம்பியது, இன்னொரு முறை எடுத்தோம். குழந்தை குடிக்கத் தொடங்கியது. ஆறாம் மாதம் இருதயம் சரிசெய்யப்பட்டது. பத்தாவது மாதத்தில் கட்டியை முறையாகத் திறந்து தைத்தார்கள்.

பக்கத்து வீட்டம்மா சொன்னதும் ஊசி, நாங்கள் செய்ததும் ஊசிதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊசி குத்துவதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

அந்த முன்னால் கொடுக்கும் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கம். ஆன்டிபயாட்டிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்தை, சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை கொடுப்பார்கள். முன்பு இருதயக் கோளாறு உள்ள அநேகமாக எல்லாருக்கும் கொடுத்து வந்தார்கள். அமெரிக்க இருதயச் சங்கம் 2007-ல் அதைக் குறைத்தது. இப்போது ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும்: இன்னும் சரிசெய்யப்படாத நீலக் குழந்தைகள், செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பே இருதயத் தொற்று வந்தவர்கள், செயற்கைப் பொருள் வைத்துச் சரிசெய்து ஆறு மாதம் ஆகாதவர்கள், சரிசெய்த ஒட்டின் ஓரத்தில் இன்னும் கசிவு உள்ளவர்கள். நம் பாட்டியின் பேரனுக்கு முதலில் நீலக் குழந்தை என்பதால் கொடுத்தோம். பத்தாவது மாதத்தில், ஒட்டு வைத்து ஆறு மாதம் ஆகவில்லை என்பதால் கொடுத்தோம். சின்ன ஓட்டை மட்டும் உள்ள பிள்ளைக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் அக்கறையில்லாமல் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை எடுத்து நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சில பிள்ளைகள் இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுவார்கள். வாயில் சிகிச்சை என்றதும், இரத்தம் கொட்டுமே என்று பயந்து வீட்டிலேயே அதை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இருதயத்தில் வைத்த சிறு குழாய் அடைத்துக்கொண்டால், வாயில் வரும் இரத்தத்தைவிட அது எத்தனையோ மடங்கு ஆபத்து. நிறுத்துவதா, அளவை மாற்றுவதா என்பதை இருதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள். இங்கேதான் பெரியவர்களின் மனசு இளகிவிடுகிறது. பிள்ளை அழுகிறதே என்று யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டிப் பால். மயக்கத்தில் அந்தப் பால் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் தாதியிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை. இதற்கு நேர்மாறாகச் சிலர், பத்தியம் என்று முந்தின இரவிலிருந்தே பட்டினி போட்டுவிடுவார்கள். நீலக் குழந்தைகளின் இரத்தம் இயல்பைவிடக் கெட்டியாக இருக்கும். நீர்ச்சத்து குறைந்தால் உறைந்துபோகும் அபாயம் உண்டு. பாலை எத்தனை மணிக்கு நிறுத்தச் சொன்னார்களோ அத்தனை மணிக்கு நிறுத்துங்கள். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அதற்கடுத்த சில வாரங்களில், காரணம் தெரியாத காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், பசி எடுக்காமல் பிள்ளை சோர்ந்து கிடந்தால், கீழ்வீட்டுக் கிளினிக்கில் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். முதல் வார்த்தையாக, இவனுக்கு இருதயக் கோளாறு இருக்கிறது, வாயில் சிகிச்சை நடந்தது என்று சொல்லுங்கள். கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பதற்கு முன்பே இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி சோதனையில் பிடிபடாமல் ஒளிந்துகொள்ளும்.

கட்டி உள்ள குழந்தைக்கு மூச்சு விடும்போது கொர்ரென்று சத்தம் வந்தாலும், மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்வாங்கினாலும், கட்டி திடீரென்று பெருத்து நாக்கு வெளியே தள்ளினாலும், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே 995. மற்றபடி, பால் குடிக்கும் நேரம் கூடுகிறது, எடை ஏறவில்லை என்றால் இருதயப் பிரிவுத் தாதியை அழைத்துச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டியைப் பார்த்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். தேவையானால் அவர்களே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்று தயங்காதீர்கள். தமிழில் விளக்க யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம், இதுதான் தினசரி வேலை. எப்போதோ ஒருமுறை கொடுக்கும் கிருமிக்கொல்லியைவிட, நாள்தோறும் வாயைச் சுத்தமாக வைப்பதுதான் இந்தப் பிள்ளைகளின் இருதயத்தைக் காப்பாற்றுகிறது. பல் இல்லாதபோது பால் குடித்ததும் ஈரத் துணியால் ஈறை மெதுவாகத் துடையுங்கள். கட்டியை அழுத்த வேண்டாம். முதல் பல் வந்ததும் சின்ன பிரஷ்ஷில், அரிசி மணி அளவு புளோரைடு பற்பசை. காலையிலும் இரவு படுக்கும்முன்னும். இருதய மருந்துகள் பல, சர்க்கரைப் பாகில் கரைத்தவை. இரவு மருந்தை ஊற்றிவிட்டு அப்படியே தூங்க வைத்தால் அந்தப் பாகு விடிய விடியப் பல்லில் ஊறும். மருந்துக்குப் பிறகு வாயைத் துடைத்துவிடுங்கள். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் பழக்கமும் வேண்டாம். ஒரு வயதுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். பல் சொத்தையாகி இருதய அறுவை சிகிச்சையே தள்ளிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

நாள்காட்டித் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. முன்வரிசையில் அம்மா ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய கேள்வியிலிருந்து தொடங்குவோம்.